17 கிராமுக்குள் 17.28 கிராம் வெள்ளி எப்படி வரும்?

கேள்வி: பிளஸ் ஒன் படிக்கிறேன். 17 கிராம் சில்வர் நைட்ரேட் கரைந்த நீரில் 5.08 கிராம் காப்பர் கம்பியைப் போட்டால் எவ்வளவு வெள்ளி கிடைக்கும் என்று ஒரு கணக்கு. இரண்டில் மோல் குறைவாக இருப்பது காப்பர். அதை வைத்துப் போட்டால் 17.28 கிராம் வருகிறது. விடை 10.8 என்கிறார்கள். எங்கே தப்பு?

பதில்: கணக்குக்குள் போகும் முன் உங்கள் விடையை ஒருமுறை பாருங்கள். வெள்ளி முழுவதும் அந்த 17 கிராம் சில்வர் நைட்ரேட்டுக்குள் இருந்துதான் வர வேண்டும். அதில் நைட்ரேட்டும் சேர்ந்தே இருக்கிறது. அப்படியிருக்க 17.28 கிராம் வெள்ளி எப்படி வரும்?

மோலாக மாற்றியவரை, அதாவது எடையை அந்தப் பொருளின் ஒரு மோல் எடையால் வகுத்தவரை, சரியாகத்தான் செய்திருக்கிறீர்கள். காப்பர் 5.08 ÷ 63.5 = 0.08 மோல். சில்வர் நைட்ரேட் 17 ÷ 170 = 0.1 மோல். இங்கேயே எது சின்ன எண் என்று பார்த்து முடிவு கட்டியதுதான் தவறு. நான் திருத்திய விடைத்தாள்களில் பாதிப்பேர் வழுக்கியதும் இதே இடத்தில்தான்.

சமன்பாடு சொல்வது வேறு: 1 மோல் காப்பருக்கு 2 மோல் சில்வர் நைட்ரேட் வேண்டும், கிடைப்பது 2 மோல் வெள்ளி, 1 மோல் காப்பர் நைட்ரேட். உங்களிடம் உள்ள 0.08 மோல் காப்பரும் கரைய வேண்டுமானால் 0.16 மோல் சில்வர் நைட்ரேட் தேவை. இருப்பதோ 0.1. ஆக, முதலில் தீர்ந்துபோவது சில்வர் நைட்ரேட். கிராமிலும் மோலிலும் அதிகமாக இருந்தும் அதுதான் வினைக்கட்டுப்பாட்டுக் காரணி.

தேர்வு அவசரத்தில் ஒரு குறுக்குவழி: ஒவ்வொன்றின் மோலையும் சமன்பாட்டில் அதற்கு முன்னால் உள்ள எண்ணால் வகுத்துவிடுங்கள். காப்பருக்கு 0.08, சில்வர் நைட்ரேட்டுக்கு 0.05. இப்போது சின்ன எண்ணைத் தேடலாம். ஆனால் இந்த 0.05 ஒப்பிட்டுப் பார்க்க மட்டும்தான்; விளைச்சலுக்குப் பழைய 0.1 மோலுக்கே திரும்பி வர வேண்டும். 0.1 மோல் சில்வர் நைட்ரேட்டிலிருந்து 0.1 மோல் வெள்ளி, அதாவது 10.8 கிராம். கொள்கையளவு விளைச்சல், அதாவது கணக்குப்படி கிடைக்கக்கூடிய அதிகபட்ச அளவு, இதுதான். காப்பரில் 0.05 மோல் செலவாகி, 0.03 மோல், சுமார் 1.9 கிராம், மிச்சமாகும்.

ஆய்வகத்தில் செய்து பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். கரைசல் நீலமாகும், கம்பியில் வெள்ளி ஊசி ஊசியாகப் படியும்; வினை நின்ற பிறகும் உள்ளே கம்பி மிச்சமிருக்கும். வெள்ளியை உதிர்த்து, கழுவி, உலர்த்தி எடை போட்டு 10.26 கிராம் வந்தால் விளைச்சல் 95 சதவீதம். 11 கிராம் வந்துவிட்டதா? சந்தோஷப்பட வேண்டாம். வெள்ளி இன்னும் ஈரமாக இருக்கும், இல்லாவிட்டால் காப்பர் துணுக்கு ஏதாவது கூடவே வந்திருக்கும். மறுபடி உலர்த்தி எடை போடுங்கள்.