கடைப் பெடியனையும் கேளுங்கள்

கேள்வி: பிரதேச செயலகம் ஒன்றில் அபிவிருத்தி உத்தியோகத்தராக இருக்கிறேன். ஒரு விண்ணப்பத்தை இணையத்துக்குக் கொண்டுவரும் குழுவில் என்னையும் போட்டிருக்கிறார்கள். மென்பொருள் செய்பவர்கள் கொழும்பில். எங்கள் பக்கம் நிர்வாக உத்தியோகத்தர், கணக்காளர், நான். கூட்டத்தில் எல்லாரும் தலையாட்டுகிறோம். ஆனால் அவர்கள் செய்து காட்டுகிற விண்ணப்பத் திரை சனத்துக்குச் சரிவராது போலிருக்கிறது. தவணையும் கிட்டுகிறது. என்ன செய்யலாம்?
– வாசகி, கோப்பாய்

பதில்: தங்கச்சி, அந்தக் கொழும்புப் பிள்ளைகளை ஒருக்கா யாழ்ப்பாணத்துக்குக் கூப்பிடுங்கள். கந்தோருக்குள் வேண்டாம், பக்கத்துப் போட்டோக்கொப்பிக் கடையில் இருத்துங்கள். இங்கே இணைய விண்ணப்பத்தை நிரப்புவது பல நேரம் கடைப் பெடியன்தான். ஆச்சி பக்கத்தில் நின்று பதில் சொல்லுவா. உறுதிப்படுத்தும் ஓடிபி எண் போகிற போனோ வீட்டில் பேரனிடம் இருக்கும்.

அப்புறம் பெயர். முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு பெட்டி வைத்தால் ஆச்சி எதை எதில் போடுவா? எங்கள் ஆக்களுக்குத் தகப்பன் பெயர் முன்னுக்கு வரும், கலியாணத்துக்குப் பிறகு புருசன் பெயர் வந்து சேரும். முழுப்பெயருக்கு ஒரே பெட்டி போதும். பிரித்தானிய அரசின் வடிவமைப்பு வழிகாட்டியும் அதைத்தான் பரிந்துரைக்கிறது. அடையாள அட்டையிலும் கவனம். 2016இல் வந்த 12 இலக்க எண்ணை மட்டும் ஏற்கும் பெட்டி, 9 இலக்கமும் முடிவில் 'வீ' அல்லது 'எக்ஸ்' எழுத்தும் உள்ள பழைய அட்டைக்காரரைத் திருப்பி அனுப்பிவிடும்.

இதெல்லாம் உங்கள் கவுண்டரில் இருப்பவருக்கு மனப்பாடம். நீங்கள் எழுதிய பட்டியலில் அவரைக் காணவில்லையே! கணக்காளருக்கு முன்னம் அவரையல்லவா சேர்த்திருக்க வேண்டும்?

பிரித்தானியாவில் 2011இல் தொடங்கிய அரச டிஜிட்டல் சேவைப் பிரிவில் ஒரு நல்ல பழக்கம் உண்டு. குழுவில் உள்ள ஒவ்வொருவரும் ஆறு வாரத்துக்கொருக்கா 2 மணித்தியாலமாவது, சனம் அந்தச் சேவையோடு படும் பாட்டைக் கண்ணால் பார்க்கவேண்டும் என்பார்கள். உங்கள் நிர்வாக உத்தியோகத்தரும் வரட்டும். அறிக்கையில் வாசித்தால் 'சிறு திருத்தம்' என்று தள்ளிவிடுவார். ஆச்சி மூன்றாந்தரம் பெயரை அழித்து எழுதுவதைப் பார்த்தால் அப்படிச் சொல்லமாட்டார்.

தவணைக்கு ஒரு வழிதான்: வேலையைச் சுருக்குங்கள். ஒரு கிராம அலுவலர் பிரிவில் மட்டும் முதலில் விட்டுப் பாருங்கள். இரண்டு கிழமைக்கொருக்கா, ஓடுகிற திரையை எல்லாரும் சேர்ந்திருந்து பார்த்து, மாற்றத்தை அங்கேயே முடிவெடுங்கள். கடிதம் போட்டு அனுமதி கேட்கத் தொடங்கினால் தவணை போய்விடும்.

கடைப் பெடியனை மறிக்கிற நேரத்துக்குக் காசு கொடுங்கள். அது அவனுடைய வியாபார நேரம்.