இசட் டிரைவ்ல அழிஞ்ச ஃபோல்டர் ரீசைக்கிள் பின்ல ஏன் இல்ல, எங்க போய் தேடணும்?

கேள்வி: வணக்கம் சார், ஈரோட்டுல ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல வேலை பாக்குறேன். மொத்தம் 7 சிஸ்டம். அதுல ஒண்ண சர்வர்னு சொல்லிக்கிறோம், ஆனா அதுலயும் சாதா விண்டோஸ் 10 தான். அதோட டி டிரைவ ஷேர் பண்ணி மத்த எல்லாத்துலயும் இசட் டிரைவா மேப் பண்ணியிருக்கு. நேத்து சாயங்காலம் யாரோ ஒரு க்ளையண்டோட 2023-24 ஃபோல்டர டெலிட் பண்ணிட்டாங்க. என் சிஸ்டத்து ரீசைக்கிள் பின்ல இல்ல. ரெக்கவரி சாஃப்ட்வேர் போட்டுப் பாத்தா அதுல இசட் டிரைவே காட்டல. போனது போனதுதானா? யார் பண்ணாங்கன்னு கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: வணக்கம். போனது போனதுதான்னு முடிவு பண்றதுக்கு இன்னும் நேரம் இருக்கு, ஆனா நீங்க தேடுற இடம்தான் தப்பு. இசட் டிரைவ்ங்கிறது உங்க சிஸ்டத்துல இருக்குற டிரைவே கிடையாது, அந்த சர்வர் சிஸ்டத்து டி டிரைவுக்குப் போற ஒரு வழி, அவ்வளவுதான். ரீசைக்கிள் பின் அந்தந்த சிஸ்டத்துல மாட்டியிருக்குற டிஸ்க்குக்கு மட்டும்தான் வேலை செய்யும், நெட்வொர்க் வழியா போய் அழிச்சா விண்டோஸ் "பெர்மனென்ட்டா டெலிட் பண்ணவா"ன்னு ஒரு தடவ கேக்கும், யாராச்சும் படிக்காம எஸ் அடிச்சிருப்பாங்க, அதோட நேரா போயிடும். ரெக்கவரி சாஃப்ட்வேர்ல இசட் காட்டாததும் இதனாலதான், அந்த மாதிரி சாஃப்ட்வேருக்கு டிஸ்க்க நேரடியா செக்டார் செக்டாரா படிக்கணும், நெட்வொர்க் ஷேர் அதுக்கு உயிரோட இருக்குற ஃபைல மட்டும்தான் குடுக்கும். அதனால இனிமே எல்லா வேலையும் சர்வர் சிஸ்டத்து முன்னாடி உக்காந்துதான்.

அதுக்கு முன்னாடி, இத படிச்ச உடனே செய்ய வேண்டியது, எல்லாரையும் இசட் டிரைவ்ல எதுவும் சேவ் பண்ணாம நிறுத்துங்க. ஒரு ஃபைல டெலிட் பண்ணா விண்டோஸ் அத உக்காந்து அழிக்கிறதில்ல, ரிஜிஸ்டர்ல பேர அடிச்சுட்டு இடம் காலின்னு எழுதி வைக்குது, ஆளு இன்னும் வீட்ட காலி பண்ணல. புதுசா எதாச்சும் சேவ் ஆகி அந்த இடத்துல குடியேறினாதான் பழசு நிஜமாவே போகும். டேலி டேட்டாவும் அதே டி டிரைவ்ல இருந்தா அதையும் மூடிடுங்க, ஒவ்வொரு வவுச்சர் போடும்போதும் டிஸ்க்குல எழுதிக்கிட்டேதான் இருக்கும். விண்டோஸ் வாரா வாரம் தானாவே டிஃப்ராக் ஓட்டும், அதாவது டிஸ்க்குல இருக்குற ஃபைல இடம் மாத்தி அடுக்கும், டிஃப்ராக்மென்ட் அண்ட் ஆப்டிமைஸ் டிரைவ்ஸ்னு சர்ச் பண்ணி அந்த ஷெட்யூல ஆஃப் பண்ணுங்க. அதே விண்டோலயே மீடியா டைப்னு ஒரு காலம் இருக்கும், டி டிரைவ் நேர்ல ஹார்ட் டிஸ்க்னு போட்டிருக்கா சாலிட் ஸ்டேட்னு போட்டிருக்கான்னு ஒரு பேப்பர்ல குறிச்சு வைங்க, பின்னாடி தேவைப்படும்.

இன்னொண்ணு, ராத்திரி தானா ஓடுற பேக்கப் எதாச்சும் வச்சிருக்கீங்களா? எக்ஸ்டெர்னல் ஹார்ட்டிஸ்க்குக்கு மிரர் பண்ற மாதிரி செட் பண்ணியிருந்தா இன்னிக்கு ராத்திரி அது ஓடும்போது "அங்க இல்ல, அப்ப இங்கயும் வேணாம்"னு பேக்கப்ல இருக்குறதையும் அழிச்சுடும். நேத்து ராத்திரியே ஓடியிருந்தா அந்த ஹார்ட்டிஸ்க்கையும் தொடாம கழட்டி வைங்க, அதுலயும் ரெக்கவரி பண்ணலாம், அது ரெண்டாவது சான்ஸ். கூகுள் டிரைவ் சிங்க் போட்டிருந்தா பயமில்ல, வெப்சைட்ல லாகின் பண்ணி ட்ராஷ்ல பாருங்க, 30 நாள் இருக்கும். ஒன்டிரைவ்னா சொந்த அக்கவுண்ட்டுக்கு 30 நாள், ஆபீஸ் அக்கவுண்ட்டுக்கு 93 நாள்.

இப்ப சர்வர் சிஸ்டத்துக்கு வாங்க. முதல்ல ஃபோல்டர் பேர போட்டு டி டிரைவ் முழுக்க சர்ச் பண்ணுங்க. என்கிட்ட "டெலிட் ஆயிடுச்சு"ன்னு வர்றதுல கணிசமானது டெலிட்டே இல்ல, மவுஸ்ல க்ளிக் பண்ணும்போது கை லேசா இழுத்து பக்கத்து ஃபோல்டருக்குள்ள போட்டிருப்பாங்க, வேற க்ளையண்ட் ஃபோல்டருக்குள்ள அமைதியா உக்காந்திருக்கும். கெடைக்கலைன்னா அந்த சிஸ்டத்தோட ரீசைக்கிள் பின்ன பாருங்க, யாராச்சும் சர்வர்லயே உக்காந்து அழிச்சிருந்தா அங்க இருக்கும். ரீசைக்கிள் பின் ஒவ்வொரு யூசருக்கும் தனித்தனி, அதனால அந்த சிஸ்டத்துல ரெண்டு லாகின் இருந்தா ரெண்டுலயும் பாக்கணும், இத நிறைய பேர் விட்டுடுவாங்க.

அடுத்தது ப்ரீவியஸ் வெர்ஷன்ஸ். அழிஞ்ச ஃபோல்டர் எதுக்குள்ள இருந்துச்சோ அந்த மேல் ஃபோல்டர ரைட் க்ளிக் பண்ணி ப்ராப்பர்ட்டீஸ் போங்க, அதுல ப்ரீவியஸ் வெர்ஷன்ஸ்னு ஒரு டேப் இருக்கும். தேதி போட்டு லிஸ்ட் வந்தா நீங்க அதிர்ஷ்டசாலி, ஆனா தயவுசெஞ்சு ரீஸ்டோர்ங்கிற பட்டன அடிச்சுடாதீங்க, அது மொத்த ஃபோல்டரையும் பழைய தேதிக்குக் கொண்டு போயிடும், மத்தவங்க நேத்து வரைக்கும் திருத்தின ஃபைல் மேலயும் பழசு வந்து விழுந்துடும். ஓப்பன் குடுத்து உள்ள போய் 2023-24 ஃபோல்டர மட்டும் காப்பி பண்ணி பென்டிரைவ்ல பேஸ்ட் பண்ணுங்க. சாதா விண்டோஸ் 10ல டி டிரைவுக்கு, பழைய நிலைய அப்பப்ப நகல் எடுத்து வைக்கிற சிஸ்டம் ப்ரொட்டெக்ஷனோ ஃபைல் ஹிஸ்டரியோ யாராச்சும் ஆன் பண்ணியிருந்தாதான் இந்த லிஸ்ட் வரும், அதனால உங்களுக்கு காலியா இருக்கவே வாய்ப்பு ஜாஸ்தி. விண்டோஸ் சர்வர் போட்ட ஆபீஸ்ல ஷேடோ காப்பின்னு ஒண்ண ஆன் பண்ணா தானாவே திங்கள்லேந்து வெள்ளி வரைக்கும் காலைல 7 மணிக்கும் மதியம் 12 மணிக்கும் ஒவ்வொரு நகல் எடுத்து வச்சுக்கும், இந்தத் தலைவலியே இருக்காது.

எல்லாம் காலின்னா அப்பதான் ரெக்கவரி சாஃப்ட்வேர். ரெக்குவாவோட போர்ட்டபிள் வெர்ஷன உங்க சிஸ்டத்துல டவுன்லோட் பண்ணி பென்டிரைவ்ல போட்டு, சர்வர்ல சொருகி, பென்டிரைவ்லேந்தே ஓட்டுங்க, டி டிரைவ்ல எதையும் இன்ஸ்டால் பண்ணவோ காப்பி பண்ணவோ கூடாது. ஸ்கேன் முடிஞ்சதும் ஒவ்வொரு ஃபைல் பக்கத்துலயும் கலர் புள்ளி வரும், பச்சைன்னா முழுசா வரும், ஆரஞ்சுன்னா பாதி பாதி, சிவப்புன்னா மேல வேற ஏதோ எழுதியாச்சு. ஆப்ஷன்ஸ்ல ரீஸ்டோர் ஃபோல்டர் ஸ்ட்ரக்சர்னு ஒண்ணு இருக்கும், அத டிக் பண்ணலைன்னா நூத்துக்கணக்கான ஃபைல் ஒரே குவியலா வந்து விழுந்து பிரிக்கவே ரெண்டு நாள் ஆகும். மீட்குறத எக்ஸ்டெர்னல் டிஸ்க்குக்குத்தான் எடுக்கணும், அதே டி டிரைவுக்கு எடுத்தா நீங்களே மிச்சத்த அழிக்கிறீங்கன்னு அர்த்தம். மைக்ரோசாஃப்ட்டே விண்டோஸ் ஃபைல் ரெக்கவரின்னு 2020ல இலவசமா ஒண்ணு விட்டாங்க, நல்ல டூல்தான், ஆனா கமாண்ட் டைப் பண்ணணும், பழக்கமில்லாத ஆளு பதட்டத்துல அதத் தொடாம இருக்குறதே நல்லது. வந்த ஃபைல சைஸ் சரியா இருக்குன்னு மட்டும் பாத்து நம்பாதீங்க, முக்கியமான எக்ஸெல் ஒவ்வொண்ணையும் தொறந்து பாருங்க, சைஸ் அச்சா இருக்கும் உள்ள குப்பையா இருக்கும்.

இதெல்லாம் டி டிரைவ் பழைய சுத்துற ஹார்ட் டிஸ்க்கா இருந்தா நல்லா வேலை செய்யும். எஸ்எஸ்டியா இருந்தா மனச தயார் பண்ணிக்கோங்க. எஸ்எஸ்டில டெலிட் ஆன உடனே விண்டோஸ் ட்ரிம்னு ஒரு கமாண்ட் அனுப்பும், அந்த இடம் வேணாம்னு டிஸ்க்குக்கே தெரிஞ்சு அதுவே உள்ள துடைச்சுடும், நெட்வொர்க் வழியா அழிச்சாலும் இதே கததான். ஒரு தடவ ஸ்கேன் ஓட்டிப் பாருங்க, பேர் மட்டும் வந்து உள்ள எல்லாம் சைபரா இருந்தா அதோட விட்டுடுங்க, அதுக்கு மேல ஆயிரக்கணக்குல பணம் கேக்குற எந்த சாஃப்ட்வேரும் அத கொண்டு வராது.

அப்படி ஆனாலும் ஆடிட்டர் ஆபீஸ்க்கு ஒரு வசதி இருக்கு. ஃபைல் பண்ணது எல்லாம் போர்ட்டல்ல இருக்கு. இன்கம்டாக்ஸ் சைட்ல வியூ ஃபைல்டு ரிட்டர்ன்ஸ்ல ரிட்டர்ன் ஃபார்ம், அக்னாலெட்ஜ்மென்ட், ஜேசான் ஃபைல் எல்லாம் திரும்ப இறக்கலாம், ஆடிட் ரிப்போர்ட்டுக்கு வியூ ஃபைல்டு ஃபார்ம்ஸ் பாருங்க, ஜிஎஸ்டி போர்ட்டல்லயும் ஃபைல் பண்ண ரிட்டர்ன் இருக்கும். ஒர்க்கிங் எக்ஸெல்லும் பேலன்ஸ் ஷீட்டும் க்ளையண்டுக்கு மெயில் பண்ணது சென்ட் ஐட்டம்ஸ்ல கிடைக்கும், வாட்ஸப்ல அனுப்பினது அனுப்பின சிஸ்டத்துலயும் க்ளையண்ட் போன்லயும் இருக்கும். உண்மைய சொன்னா பல ஆபீஸ்ல டிஸ்க் ரெக்கவரிய விட இப்படிப் பொறுக்கி சேத்ததுதான் உருப்படியா வந்திருக்கு.

மீட்டு முடிச்சதும் டி டிரைவுக்கு சிஸ்டம் ப்ரொட்டெக்ஷன் ஆன் பண்ணுங்க, முடிஞ்சா ரெண்டு டிஸ்க் போட்ட ஒரு நாஸ் பாக்ஸ் (எல்லாரும் நெட்வொர்க் வழியா ஃபைல் வச்சுக்குற தனி பெட்டி) வாங்குங்க, சினாலஜி க்யூநாப் எல்லாத்துலயும் நெட்வொர்க்ல அழிச்சாலும் போய் விழுற ரீசைக்கிள் ஃபோல்டர் வசதி இருக்கு, ஷேர் ஃபோல்டர் உருவாக்கும்போதே ஆன் ஆகியிருக்கான்னு பாத்துக்கணும். ரெண்டு டிஸ்க் இருக்குன்னு பேக்கப் வேணாம்னு நெனச்சுடாதீங்க, ஒண்ணுல அழிஞ்சா அடுத்ததுலயும் அதே நொடி அழியும். ஸ்டாஃபுக்கு டெலிட் பர்மிஷன எடுத்துடலாம்னு சில பேர் சொல்வாங்க, கேக்காதீங்க, எக்ஸெல் சேவ் பண்ணும்போது டெம்ப் ஃபைல் எழுதி பழசத் தூக்கிட்டு பேர மாத்தி வைக்குது, டெலிட் இல்லைன்னா சேவே ஆகாது, எல்லாரும் உங்க மேஜைக்கு வந்து நிப்பாங்க. அதுக்கு பதிலா ஃபைலிங் முடிஞ்ச வருஷத்து ஃபோல்டர எல்லாம் ஸ்டாஃபுக்கு பர்மிஷன்லயே ரீட் ஒன்லியா ஆக்கிடுங்க, உங்க 2023-24 அப்படி இருந்திருந்தா நேத்து எஸ் அடிச்சும் ஒண்ணும் ஆகியிருக்காது.

யார் பண்ணாங்கங்கிறதுக்கு, யார் எந்த ஃபைலத் தொட்டாங்கன்னு குறிச்சு வைக்கிற ஆப்ஜெக்ட் ஆக்சஸ் ஆடிட்டிங்னு ஒண்ண முன்னாடியே ஆன் பண்ணியிருந்தா செக்யூரிட்டி லாக்ல 4663ங்கிற ஈவன்ட்ல யூசர் பேரோட வந்திருக்கும், அது தானா ஆன்ல இருக்காது, அதனால நேத்து நடந்தத இப்ப கண்டுபிடிக்க வழியில்ல. எல்லாரும் ஒரே யூசர் பாஸ்வேர்டுல ஷேர்குள்ள வந்தா ஆன்ல இருந்தாலும் பிரயோஜனமில்ல. என்ன கேட்டா தேடாதீங்க. திட்டு வாங்கின ஜூனியர் அடுத்த தடவ சொல்லாம மறைப்பான், நீங்க மறுநாள் மதியம் கண்டுபிடிக்கிறதுக்குள்ள அந்த இடத்துல வேற ஃபைல் குடியேறியிருக்கும்.

மீடியா டைப்ல என்ன போட்டிருந்துச்சுன்னும், ரெக்குவால பச்சை எத்தன சிவப்பு எத்தனன்னும் பாத்துட்டு எழுதுங்க, ஹார்ட் டிஸ்க்கா இருந்து பாதிதான் வந்துச்சுன்னா டீப் ஸ்கேன் எப்படி ஓட்டுறதுன்னு சொல்றேன்.