டிராகனுக்கு ‘ஹூ’வா, ‘விச்’சா?

கே: ஆங்கிலத்தில் மாயாஜாலக் கதை எழுதிப் பழகுகிறேன். ‘தி டிராகன்ஸ் விச் ப்ரீத் ஃபயர் ஃப்ளெட்’ என்ற வரியில், ‘டிராகன்ஸ்’ஸுக்குப் பின்னும் ‘ஃபயர்’க்குப் பின்னும் காற்புள்ளி வைத்துத் திருத்தித் தந்தார் நண்பர். அதனால் என்ன மாறிவிடும்?

ப: உங்கள் கதை உலகத்தில் எத்தனை வகை டிராகன் உண்டு என்பதே மாறிவிடும்! காற்புள்ளி இல்லாவிட்டால், நெருப்பு கக்குகிறவை மட்டும் ஓடின. கக்காத இனம் ஒன்றும் அங்கே நிற்கிறது. இரண்டு பக்கமும் காற்புள்ளி வந்தால், டிராகன் என்றாலே நெருப்பு கக்கும், அத்தனையும் ஓடின. நம்முடைய பெயரெச்சம் இரண்டு பொருளுக்கும் இடம் கொடுக்கும். ‘நெருப்பு கக்கும் டிராகன்கள் ஓடின’ என்று சொல்லிவிட்டு நாம் போய்விடலாம், ஆங்கிலத்தில் முடியாது. எது சரி என்பது உங்கள் நண்பருக்குத் தெரிய வழியில்லை, கதையை உண்டாக்கிய நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

காற்புள்ளி வைத்த இடத்தில் ‘விச்’சுக்குப் பதிலாக ‘தட்’ வரவே கூடாது. வைக்காத இடத்தில் ‘தட்’, ‘விச்’ இரண்டும் வரலாம். அமெரிக்கப் பதிப்பாசிரியர்கள் ‘தட்’டைத்தான் விரும்புவார்கள். முதல் காற்புள்ளியை வைத்துவிட்டு இரண்டாவதை மறப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு.

கே: பேசும் வாளுக்கு ‘ஹூ’ போடலாமா?

ப: தாராளமாக. பேசும், யோசிக்கும், பெயர் உள்ள எதற்கும் ‘ஹூ’ பொருந்தும். வாய் திறக்கும்வரை ‘விச்’, திறந்தபின் ‘ஹூ’ என்று மாற்றினால், வாளுக்கு உயிர் வந்ததை வாசகர் தானே உணர்வார். ‘ஹூஸ்’ உயிருள்ளது, இல்லாதது இரண்டுக்கும் வரும்; கோட்டைச் சுவருக்கும் தயங்காமல் எழுதலாம். (சூனியக்காரிக்கான ஆங்கிலச் சொல்லும் ‘விச்’ என்றே ஒலிப்பதால், இந்தப் பக்கத்தில் அவளை ஆங்கிலத்தில் அழைக்கவில்லை!)

கே: ‘தி சோர்ட் விச் ஐ ஃபவுண்ட் இட்’ ஏன் தவறு?

ப: ‘விச்’தான் வாள். மறுபடி ‘இட்’ போட்டால் கையில் இரண்டு வாள். ‘தி கேவ் வேர் ஷி லிவ்ட் இன்’ என்பதும் இதே கதைதான். ‘வேர்’ இருந்தால் ‘இன்’ வேண்டாம்.

இதைவிடச் சிரிப்பு மூட்டுவது இடம் மாறிய அட்ஜெக்டிவ் கிளாஸ், அதாவது ‘விச்’, ‘தட்’ என்று தொடங்கிப் பெயரை விவரிக்கும் துணைவாக்கியம். ‘ஷி கேவ் எ போஷன் டு தி ப்ரின்ஸ் தட் வாஸ் பாய்லிங்’ என்றால் கொதிப்பது மந்திர மருந்தல்ல, இளவரசன். ஆங்கிலத்தில் கிளாஸ், தனக்கு முன்னால் நெருங்கி நிற்கும் பெயரைத்தான் பிடித்துக்கொள்ளும். ‘ஷி கேவ் தி ப்ரின்ஸ் எ போஷன் தட் வாஸ் பாய்லிங்’ என்று மாற்றுங்கள், இளவரசன் பிழைப்பான்.

கே: ‘தி விசர்ட் டோல்ட் தி கிங் தட் ஹி உட் டை’ என்று எழுதினேன். சாகப்போவது யார் என்று கேட்கிறார்கள்.

ப: நியாயமான கேள்விதான். தமிழில் ‘தான் இறக்கப்போவதாக மந்திரவாதி அரசனிடம் சொன்னான்’ என்றால் இறப்பவன் மந்திரவாதி. ‘அவன் இறக்கப்போவதாக’ என்றால் வேறொருவன். இந்தத் ‘தான்’ செய்யும் வேலையைச் செய்ய ஆங்கிலத்தில் சொல் இல்லை. ஒரே ‘ஹி’தான் எல்லாருக்கும்.

வினையை மாற்றிப் பாருங்கள். அரசன் சாகவேண்டும் என்றால் ‘ப்ரெடிக்டட் தி கிங்ஸ் டெத்’. மந்திரவாதி தன் சாவைச் சொல்கிறான் என்றால் நேர்கூற்றுக்குப் போவதே நல்லது: ‘ஐ ஷல் டை’. அடைப்புக்குறிக்குள் மறுபடி ‘தி கிங்’ என்று எழுதுவது பள்ளிக்கூடத் தேர்வுக்குச் சரி, கதையில் கண்ணை உறுத்தும். குழப்பத்தையே சோதிடமாக வைத்து அரசனை ஏமாற்றும் எண்ணம் இருந்தால், அந்த வரியைத் தொடாதீர்கள்.

கே: ‘தி டிராகன் ஹூ ஸ்லீப்ஸ் ஹியர் வில் வேக் டுமாரோ’. இதை ரிப்போர்ட்டட் ஸ்பீச்சில் (அயற்கூற்றில்) எழுதுவது எப்படி?

ப: ‘ஹி செட் தட் தி டிராகன் ஹூ ஸ்லெப்ட் தேர் உட் வேக் தி நெக்ஸ்ட் டே’. ‘வில்’லை எல்லாரும் மாற்றுகிறார்கள், கிளாஸுக்குள் ஒளிந்திருக்கும் ‘ஸ்லீப்ஸ்’ஸைத்தான் விட்டுவிடுகிறார்கள். ‘டோல்ட் தட்’ என்று தொடங்காதீர்கள், ‘டோல்ட்’டுக்குப் பின் யாரிடம் என்பது வரவேண்டும். கேள்வியாக இருந்தால் ‘ஆஸ்க்ட் வேர் தி ரிங் வாஸ்’. ‘வேர் வாஸ் தி ரிங்’ அல்ல. கட்டளைக்கு ‘டோல்ட் ஹிம் நாட் டு டச் இட்’. ‘இஃப் ஐ ஹேட் விங்ஸ், ஐ உட் ஃப்ளை’ போன்ற நடக்காத கற்பனையில் காலம் மாறாது, ‘ஐ’ மட்டும் மாறும்.

கே: மந்திரத்தை அயற்கூற்றாக்கலாமா?

ப: வேண்டாம். கதவைத் திறக்கும்படி அவன் கேட்டுக்கொண்டான் என்றால் கதவு திறக்காது! மந்திரம் சொன்ன சொல்லிலேயே மேற்கோள்குறிக்குள் இருக்கட்டும். ‘ஓபன்,’ ஹி செட் என்று எழுதும்போது காற்புள்ளி குறிக்கு உள்ளே வரும். ‘ஹி’ சிறிய எழுத்தில் தொடங்கும்.