‘கோர் ஐ5’ என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் போதுமா?

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறோம். மகள் புதுச்சேரியில் சிவில் இன்ஜினியரிங் முதலாண்டு படிக்கிறாள். வரைபடம் போடும் ஆட்டோகேட் மென்பொருளைப் பழக வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் வேண்டும் என்கிறாள். பிளஸ் ஒன் படிக்கும் மகனுக்கு அதில் கேம் ஓட வேண்டுமாம். மானிட்டரோடு சேர்த்து 50,000 ரூபாய் வரை செலவழிக்கலாம். இங்கே ஒரு கடையில், ‘கோர் ஐ5, 16 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி, 2 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, 500 வாட் எஸ்எம்பிஎஸ்ஸுடன் கேபினெட், மானிட்டர்’ என்று 29,000 ரூபாய்க்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். வாங்கலாமா? புதுச்சேரி போய் வாங்கினால் இன்னும் மலிவாகக் கிடைக்குமா?

பதில்: அந்தச் சீட்டை நம்பி வாங்க வேண்டாம். அதில் எழுதியிருப்பதெல்லாம் நிஜமாகவே இருக்கலாம். எழுதாமல் விட்டதைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

கோர் ஐ5 என்ற பெயரில் இன்டெல் 2009-லிருந்தே பிராசசர் விற்றிருக்கிறது. எந்தக் காலத்துச் சரக்கு என்பதைப் பின்னால் வரும் எண்தான் சொல்லும். ஐ5-3470 என்றால் மூன்றாம் தலைமுறை, 2012-ல் வந்தது. ஐ5-12400 என்றால் பன்னிரண்டாம் தலைமுறை, 2022-ல் வந்தது. நடுவில் பத்து வருஷம். ஆபீஸ்களில் கழித்துக்கட்டிய பெட்டிகளிலிருந்து பழைய பிராசசரை உருவி, அதற்கென்றே புதிதாகத் தயாராகும் எச்61, எச்81 மதர்போர்டில் (எல்லாப் பாகமும் மாட்டுகிற பலகை) மாட்டி, கலர் லைட் போட்ட கேபினெட்டில் வைத்து விற்கிற வியாபாரம் எல்லா ஊரிலும் நடக்கிறது. மானிட்டரோடு 29,000 என்றதும் எனக்கு முதலில் வருகிற சந்தேகம் அதுதான்.

பில் போடவும் டைப் அடிக்கவும் அந்த மாதிரி மெஷின் தாராளமாக ஓடும். உங்கள் மகளுக்குச் சரிவராது. விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஓடு முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெல்லில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும் என்பது அவர்களுடைய விதி. குறுக்கு வழியில் ஏற்றித் தருகிறோம் என்பார்கள். ஏற்றலாம், ஆனால் நாளைக்கு ஒரு அப்டேட்டில் மக்கர் பண்ணினால் கேட்க நாதி கிடையாது.

அந்த ‘2 ஜிபி கிராபிக்ஸ் கார்டு’ம் பெரும்பாலும் ஜிடி 730 மாதிரி ஒன்றாகத்தான் இருக்கும். 2014-ல் வந்த கார்டு, அதற்கு என்விடியா புது டிரைவர் தருவதையே நிறுத்திவிட்டது. கொட்டேஷனில் ஒரு வரி கூடுதலாகத் தெரியும், அவ்வளவுதான் அதனால் பிரயோஜனம்.

ஆகவே கடைக்குப் போய் ஒவ்வொரு பொருளுக்கும் கம்பெனி பெயரும் முழு மாடல் எண்ணும் எழுதிக் கேளுங்கள். பிராசசர், போர்டு, எஸ்எம்பிஎஸ் (உள்ளே மின்சாரம் தரும் பெட்டி) மூன்றுக்கும் கட்டாயம் வேண்டும். எழுதித் தருகிறவரிடம் மேற்கொண்டு பேசலாம். ‘எல்லாம் நல்ல கம்பெனிதான் சார்’ என்று இழுத்தால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.

சரி, எதை வாங்குவது? பிராசசருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகளைக் கோர் என்பார்கள். ஆட்டோகேட் பெரும்பாலான வேலைகளை ஒரே கோரில்தான் செய்கிறது. எட்டு கோர், பத்து கோர் என்று எண்ணிக்கைக்குப் பணம் கொடுப்பதைவிட ஒவ்வொரு கோரும் வேகமாக இருப்பதுதான் முக்கியம். உங்கள் பட்ஜெட்டுக்கு ஐ5-12400 பொருத்தமாக இருக்கும். ஆறு கோர், உள்ளேயே கிராபிக்ஸ். கடையில் 12400எஃப் கொஞ்சம் குறைவாக வரும் என்பார்கள். அந்த ‘எஃப்’ வந்தால் உள்ளே கிராபிக்ஸ் இல்லை, தனிக் கார்டு போடாமல் திரையில் ஒன்றும் தெரியாது. எஃப் இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள்.

போர்டுக்கு எச்610 போதும். அதில் டிடிஆர்4 ராம் எடுப்பது ஒன்று, டிடிஆர்5 எடுப்பது வேறொன்று. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாது, ராமின் அடியில் இருக்கும் வெட்டே இடம் மாறியிருக்கும். பல கம்பெனிகள் டிடிஆர்4 போர்டின் மாடல் பெயரிலேயே ‘டி4’ அல்லது ‘டிடிஆர்4’ என்று சேர்த்திருக்கும்.

ராம் விஷயத்தில் இப்போது நேரம் சரியில்லை. ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போவதால் 2025 கடைசியிலிருந்து விலை கண்டபடி ஏறிவிட்டது. நான் இங்கே ஒரு விலை எழுதினால் நீங்கள் படிக்கும்போது அது பழசாகியிருக்கும். எச்610-ல் இரண்டு ஸ்லாட்தான் இருக்கும். வழக்கமாக இரண்டு 8 ஜிபி போடச் சொல்வேன், அப்போதுதான் இரண்டு ராமும் ஒரே சமயத்தில் வேலை செய்து (இரட்டைச் சேனல்) உள் கிராபிக்ஸ் நன்றாக ஓடும். உங்களுக்கு மட்டும் ஒரே 16 ஜிபி குச்சியாகப் போடச் சொல்கிறேன். மேல் வகுப்புகளில் கட்டிடம் வடிவமைக்கும் ரெவிட் மாதிரி மென்பொருள் வந்தால் 32 ஜிபி தேவைப்படலாம். விலை இறங்கின பிறகு இன்னொரு 16-ஐச் செருகிக்கொள்ளலாம், எதையும் கழற்றிப் போட வேண்டியிருக்காது.

இதில் தம்பிக்குத்தான் கொஞ்சம் மனவருத்தம் வரும். வேலரன்ட் மாதிரி லேசான கேம்களைக் குறைந்த செட்டிங்கில் ஆடலாம், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். கேம்தான் முதல் தேவை என்றால் ஏஎம்டி ரைசன் 5 5600ஜி-யும் இரண்டு 8 ஜிபி ராமும் சொல்லியிருப்பேன், அதன் உள் கிராபிக்ஸ் இதைவிட நன்றாகவே இருக்கும். ஆனால் கிராபிக்ஸ் கார்டு செருகும் பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்பில் 5600ஜி மூன்றாம் தலைமுறையோடு நின்றுவிடும். 12400-ல் அந்தக் குறை இல்லை, ஒரு வருஷம் கழித்து நல்ல கிராபிக்ஸ் கார்டு போடத் தோதாக இருக்கும். மகளின் படிப்புக்குத்தானே வாங்குகிறீர்கள்.

எஸ்எஸ்டி 512 ஜிபி, போர்டிலேயே நேராகச் செருகும் எம்.2 என்விஎம்இ வகை. மானிட்டர் 22 அல்லது 24 அங்குலம், ஐபிஎஸ் பேனல், எச்டிஎம்ஐ. இவற்றில் ரொம்ப யோசிக்க வேண்டாம்.

எஸ்எம்பிஎஸ்தான் யோசிக்க வேண்டியது. கேபினெட்டோடு இலவசமாக வருவதைக் கையில் வாங்கி, பக்கத்திலேயே பெயர் தெரிந்த கம்பெனியின் 450 வாட் எஸ்எம்பிஎஸ் ஒன்றையும் வாங்கிப் பாருங்கள். கனத்திலேயே பெரும்பாலும் வித்தியாசம் தெரிந்துவிடும். அப்புறம் பக்கவாட்டு லேபிளில் +12 வோல்ட் என்ற கட்டத்துக்குக் கீழே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் முக்கியமாக அந்த 12 வோல்ட்டில்தான் ஓடுகின்றன. வெளியே ‘500 வாட்’ என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு அங்கே 14 ஆம்பியர் என்றிருந்தால், பன்னிரண்டை அதால் பெருக்குங்கள்: 168 வாட். 36 ஆம்பியர் இருந்தால் 432 வாட். ‘80 பிளஸ் பிரான்ஸ்’ முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதற்கான சான்றிதழ்தான், தரத்துக்கு முழு உத்தரவாதம் கிடையாது. ஆனாலும் வடிகட்ட உதவும். இதற்கு 3,500-லிருந்து 4,500 ரூபாய் ஒதுக்குங்கள். பின்னால் கார்டு போடும் எண்ணம் இருப்பதால் 550 வாட் எடுப்பது நல்லது. இந்த ஒரு இடத்தில் ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடித்தால், அது போகிறபோது போர்டையும் கூட்டிக்கொண்டு போகும்.

கம்ப்யூட்டர் வீட்டுக்கு வருவதற்கு முன்னாலேயே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, மேஜைக்குப் பக்கத்துப் பிளக்கில் எர்த் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பழைய வீடுகளில் மூன்றாவது ஓட்டை இருக்கும், பின்னால் ஒயர் இருக்காது. அப்படிப்பட்ட பிளக்கில் மாட்டினால் எஸ்எம்பிஎஸ்ஸின் வடிகட்டிச் சுற்றிலிருந்து கசிகிற மின்சாரத்துக்குப் போக வழியில்லை. கேபினெட்டின் ஸ்குருவில் டெஸ்டர் வைத்தால் எரியும், வெறுங்காலோடு தொட்டால் விர்ரென்று இழுக்கும். அதைக் கம்ப்யூட்டர் கோளாறு என்று நினைத்துக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள். அங்கே எர்த் சரியாக இருப்பதால் ஒன்றும் தெரியாது.

600 விஏ யுபிஎஸ் ஒன்று, சுமார் 3,000 ரூபாய். கார்டு இல்லாத இந்த மெஷினுக்கு அது போதும். கரண்ட் போனதும் வேலையைச் சேமித்துவிட்டு மூடத்தான் அது, உட்கார்ந்து கேம் ஆட இல்லை. வீட்டில் ஏற்கெனவே இன்வெர்ட்டர் இருந்து, அதில் ‘யுபிஎஸ் மோட்’ சுவிட்ச் இருந்தால் அதைப் போட்டுப் பாருங்கள். கரண்ட் போகும்போது மெஷின் ரீஸ்டார்ட் ஆகவில்லை என்றால் தனி யுபிஎஸ் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் இடி இடிக்கும்போது பிளக்கோடு பிராட்பேண்ட் ஒயரையும் உருவி வையுங்கள், மின்னல் அந்த வழியாகவும் வரும். 2011-ல் தானே புயலைப் பார்த்த ஊருக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் பகுதிக்கு இன்னொரு எதிரி உப்புக்காற்று. தேவனாம்பட்டினம் பக்கத்திலிருந்து காற்று வருகிற ஜன்னலுக்கு நேரே டவரை வைக்காதீர்கள். கழற்றிக் கழுவும் தூசி வலை உள்ள கேபினெட்டாக வாங்குங்கள், கண்ணாடிக் கதவும் கலர் ஃபேனும் அப்புறம். லீவுக்குப் பூட்டிவிட்டுப் போனாலும் வந்ததும் கொஞ்ச நேரம் ஓட விடுங்கள். உள்ளே சூடு இருந்தால் ஈரம் தங்காது. ஒருநாள் திடீரென்று திரை வராமல் போனால் பயப்படாமல், கரண்டைத் துண்டித்துவிட்டு ராமைக் கழற்றி, அதன் தங்க நிறக் கோடுகளைப் பென்சில் ரப்பரால் லேசாகத் தேய்த்து மாட்டிப் பாருங்கள். கடையிலும் முதலில் அதைத்தான் செய்வார்கள்.

புதுச்சேரியில் மலிவா என்பது ஜிஎஸ்டிக்கு முந்தைய வாட் வரிக் காலத்துக் கேள்வி. 2017 ஜூலை 1-லிருந்து இரண்டு பக்கமும் ஒரே ஜிஎஸ்டி, கம்ப்யூட்டர் பாகங்களுக்கு 18 சதவீதம். பில் இல்லாமல் விலை குறைத்தால்தான் குறையும், அப்படி வாங்கினால் வாரண்டியும் சேர்ந்து குறைந்துவிடும். போட்டி இருப்பதால் புதுச்சேரியிலோ சென்னை ரிச்சி தெருவிலோ விலை கொஞ்சம் இறங்கலாம், விசாரிப்பதில் தப்பில்லை. ஆனால் போர்டு பழுதானால் சர்வீஸ் சென்டருக்கு அனுப்பி வாங்கித் தருவது கடைக்காரர்தான். ஆயிரம், இரண்டாயிரம் வித்தியாசம் என்றால் நான் கடலூரிலேயே வாங்குவேன்.

பிராசசர் சீல் உடைக்காத பெட்டியில் இருக்க வேண்டும். ‘டிரே’ என்று பெட்டியில்லாமல் தருவதற்கு இன்டெல்லின் நேரடி வாரண்டி உங்களுக்குக் கிடைக்காது. பில்லில் ஒவ்வொரு பொருளின் சீரியல் நம்பரும் ஏற வேண்டும். விண்டோஸ் உரிமத்துக்குத் தனியாக எவ்வளவு என்பதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். ஆட்டோகேட்டுக்குச் செலவில்லை, மாணவர்களுக்கு ஆட்டோடெஸ்க் இலவசமாகத் தருகிறது, மகள் கல்லூரிச் சான்றைக் காட்டிப் பதிவு செய்தால் போதும். அசெம்பிள் செய்து முடித்ததும் கடையிலேயே டாஸ்க் மேனேஜரைத் திறக்கச் சொல்லி, பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் வருகிற பிராசசர் பெயரையும் ராம் அளவையும் பில்லோடு ஒத்துப் பாருங்கள். பிறகு பணத்தைக் கொடுங்கள்.