பௌச் வச்சாலும் தலையிடி, விட்டாலும் தலையிடி

கேள்வி: டொக்டர், எனக்கு 27 வயசு, கோட்டையில ஒரு ஒபிஸ்ல வேலை. சிகரெட்ட விடோணும் எண்டு உதட்டுக்கும் முரசுக்கும் இடையில வைக்கிற சின்னப் பை, நிக்கொட்டின் பௌச், அதுக்கு மாறினன், வெளிநாட்டால வாற கூட்டாளி ஒருத்தன் கொண்டு வந்து தருவான். இப்ப பின்னேரமானா நெத்திய இறுக்கிப் பிடிச்ச மாதிரித் தலையிடி, சிலநேரம் வயித்தப் பிரட்டும். விட்டுப் பாத்தா அடுத்த நாளே அதவிட மோசம், நித்திரையும் இல்ல, கண்டபடி கோபம் வருது, திரும்ப ஒண்டு வச்சா உடன சுகமாகுது. பெனடோல் போட்டுப் போட்டு விடலாமா?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: தம்பி, உங்களுக்கு இருக்கிறது ரெண்டு தலையிடி, ரெண்டையும் ஒண்டாப் பாத்தா வைத்தியம் பிழைச்சுப் போகும்.

பௌச் வாய்க்குள்ள இருக்கேக்கயோ எடுத்துக் கொஞ்ச நேரத்திலயோ தலையிடிச்சு, பிரட்டி, விக்கலும் எடுத்தா அது நிக்கொட்டின் கூடினது. ரத்தக்குழாயச் சுருக்கி பிரஷரையும் நெஞ்சிடிப்பையும் கூட்டுற சாமான் அது. டப்பாவத் திருப்பிப் பாருங்க, ஒரு பௌச்சுக்கு 3 மி.கி.யும் இருக்கும், 10, 20 மி.கி.யும் இருக்கும். அவ்வளவும் ரத்தத்துக்குப் போகாதுதான், ஆனா ஒரு சிகரெட்டால உடம்புக்குள்ள போறதே 1, 2 மி.கி. அளவுதான். மத்தியானம் ஒழுங்காச் சாப்பிடாம, ஏசிக்குள்ள தண்ணியும் குடிக்காம ஒண்டுக்குப் பிறகு ஒண்டு வச்சா பின்னேரம் தலை இடிக்கத்தானே செய்யும்.

மற்றது விட்டதால வாறது. ரத்தத்தில இருக்கிற நிக்கொட்டின் ஏறக்குறைய 2 மணித்தியாலத்தில பாதியாயிடும், அதால 4 மணித்தியாலத்திலயே தலையிடி துவங்கலாம், 2ம் 3ம் நாள் உச்சம், பிறகு குறைஞ்சு அநேகமா 2–4 கிழமையில அடங்கும். நீங்க அடுத்த நாளே திரும்ப வைக்கிறதால உச்சத்தக் கடக்கவே இல்ல, ஒவ்வொரு தரமும் அந்தப் பொல்லாத முதல் நாள மட்டும் அனுபவிக்கிறீங்க, எனக்கு அதுதான் கவலை.

முதல்ல மி.கி. குறைஞ்சதுக்கு மாறுங்க, பிறகு இடைவெளியக் கூட்டுங்க, காலமை எழும்பின உடன வைக்கிறதப் பிந்திப் பிந்திக் கொண்டு போங்க. கோப்பியையும் கவனிக்கோணும். சிகரெட் புகை கஃபீன உடம்பு கெதியாக் கழிக்கப் பண்ணும், பௌச்சில புகை இல்லாதபடியா முந்தின அதே அளவு கோப்பி இப்ப கூட நேரம் உடம்பில நிக்கும், நித்திரை இல்லாமப் போறதுக்கு அதுவும் ஒரு காரணமாயிருக்கலாம். ஆனா பௌச் விடுற அதே நாள் கோப்பியையும் ஒரேயடியா நிப்பாட்ட வேணாம், அதுக்கும் தனியாத் தலையிடி வரும், மெல்ல மெல்லக் குறைங்க.

பெனடோல் அந்த ரெண்டு மூண்டு நாளைக்குப் பரவாயில்ல, 500 மி.கி. குளுசை எண்டா 24 மணித்தியாலத்துக்கு 8க்கு மேல கூடாது, ஈரல் வருத்தம் இருந்தா கேக்காமப் போடவே வேணாம். மாசத்தில 15 நாள், அதுக்கு மேல எண்டு போட்டுக்கொண்டிருந்தா அந்தக் குளுசையே தலையிடியக் கொண்டு வரும். பிரஷரையும் ஒருக்காப் பாருங்க. தனியச் சமாளிக்க ஏலாட்டி சிகரெட் விட உதவுற 1948 இலக்கத்துக்கு கோல் எடுத்து பௌச் எண்டு சொல்லியே கதையுங்க.

திடீரெண்டு தலை வெடிக்கிற மாதிரி இடிச்சாலோ, கதை குழறினாலோ, ஒரு பக்கம் கை கால் இழுத்தாலோ, காய்ச்சலோட கழுத்து விறைச்சாலோ, நிக்கொட்டின்தான் எண்டு வீட்டில இருக்காம உடன 1990 அம்புலன்சுக்கு அடியுங்க.