ட்யூனரைத் திருகும் முன்: .22 ரைஃபிள் கேள்வி பதில்

போன மாதம் துப்பாக்கி சுடும் ரேஞ்சில் என் ரைஃபிள் நுனியில் இருந்த ட்யூனர் என்ற உலோக வளையத்தைப் பார்த்துவிட்டு ஆளாளுக்குக் கேள்வி கேட்டார்கள். அப்போது நின்றபடி அரைகுறையாகச் சொன்னதை இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன். பேச்செல்லாம் 50 மீட்டரில் சுடும் .22 ரிம்ஃபயர் (விளிம்பில் அடித்து வெடிக்கும் சிறு தோட்டா) ரைஃபிள் பற்றியதுதான்.

கேள்வி: அந்த வளையம் என்ன செய்கிறது? வெறும் எடைதானே சார்?

எடைதான், என்னுடையது சுமார் 200 கிராம். ஆனால் திருகினால் இடம் மாறும் எடை. பள்ளிக்கூடத்தில் பெஞ்சு விளிம்பில் ஸ்கேலை அழுத்திப் பிடித்து, நுனியைத் தட்டி 'டொய்ங்' என்று சத்தம் எழுப்பியிருப்பீர்களே? அந்த நுனியில் ஒரு ரப்பர் துண்டை ஒட்டினால் ஆட்டம் மெதுவாகும். ரப்பரை முன்னே பின்னே நகர்த்தினால் சத்தமும் மாறும். பேரலும் (துப்பாக்கிக் குழல்) அந்த ஸ்கேல் மாதிரிதான். தோட்டா வெடித்துக் குண்டு வெளியே வர 2 முதல் 3 மில்லிநொடி ஆகிறது. அதற்குள் பேரல் நுனி மேலும் கீழும் அசைய ஆரம்பித்துவிடுகிறது. குண்டு வெளியேறும் நேரத்தில் நுனி எந்தப் பக்கம், எவ்வளவு வேகமாகப் போய்க்கொண்டிருக்கிறது என்பதைத்தான் ட்யூனர் மாற்றுகிறது.

கேள்வி: அப்படியானால் நுனி அசையாமல் நிற்கும்போது குண்டு வெளியேறுவதுதானே நல்லது?

நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்தேன். ஒருநாள் பேனாவை எடுத்துக் கணக்குப் போட்டதும் புரிந்தது. நம்முடைய 2.6 கிராம் குண்டு நொடிக்குச் சுமார் 325 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. 50 மீட்டரைக் கடப்பதற்குள் 13 சென்டிமீட்டர் கீழே விழுகிறது. எல்லாக் குண்டும் ஒரே வேகத்தில் போனால் கவலையில்லை, ஸ்கோப்பில் சரிசெய்துவிடலாம். ஆனால் நல்ல மேட்ச் (போட்டிக்கான) தோட்டாவில்கூட ஒரே பெட்டிக்குள் மிக மெதுவானதற்கும் மிக வேகமானதற்கும் நொடிக்கு 10 மீட்டர் வித்தியாசம் சாதாரணமாக வரும். அந்த 10 மீட்டர், டார்கெட்டில் கிட்டத்தட்ட 8 மில்லிமீட்டர் உயர வித்தியாசமாகிறது. 50 மீட்டர் டார்கெட்டில் பத்துப் புள்ளி வளையத்தின் விட்டமே 10.4 மில்லிமீட்டர்தான்!

மெதுவான குண்டு பேரலை விட்டுச் சற்றுத் தாமதமாக வெளியேறும். அந்த நேரத்தில் நுனி மேலே ஏறிக்கொண்டிருந்தால், அது ஒரு துளி உயரமாகக் கிளம்பும். வழியில் கூடுதலாக விழப்போவதற்கு அது ஈடாகிவிடும். இதற்குப் பாசிட்டிவ் காம்பென்சேஷன் என்று பெயர். ஆக நுனி நிற்கக்கூடாது. சரியான வேகத்தில் ஏற வேண்டும். பிரிட்டிஷ் ராணுவத்தின் பழைய லீ-என்ஃபீல்டு ரைஃபிள் கிட்டத்தில் சுமாராகவும் தூரத்தில் எதிர்பார்த்ததைவிட நன்றாகவும் சுடும் என்று சொல்வார்களே, அதற்கும் இதையே காரணமாகச் சொல்கிறார்கள்.

கேள்வி: எனக்குக் குண்டுகள் இடவலமாகச் சிதறுகின்றன. ட்யூனர் போட்டால் சரியாகுமா?

பெரும்பாலும் ஆகாது. ட்யூனர் ஈடுகட்டுவது உயர வித்தியாசத்தைத்தான். காற்றைப் பாருங்கள், ட்ரிகர் விரலைப் பாருங்கள், ரைஃபிளைக் கட்டையோடு பிணைக்கும் ஸ்க்ரூவைப் பாருங்கள்.

கேள்வி: ட்யூனரில் பொறித்த ஒவ்வோர் எண்ணிலும் ஐந்து குண்டு சுட்டேன். ஓரிடத்தில் அருமையான குரூப் (ஐந்து ஓட்டைகளின் கூட்டம்), ஒரே ஓட்டை. மறுநாள் அதே எண்ணில் சுட்டால் பாதி டார்கெட்டில் பரவிக் கிடக்கிறது. ட்யூனர் பழுதா?

ட்யூனர் நன்றாகத்தான் இருக்கிறது. ஐந்து குண்டை நம்பியதுதான் தப்பு. ஒரு வேலை செய்யுங்கள்: ட்யூனரைத் தொடாமல், அதே தோட்டாவில் பத்து குரூப் சுடுங்கள். நான் செய்தபோது மிகச் சிறியது 8 மில்லிமீட்டர், மிகப் பெரியது 19. எதையுமே மாற்றவில்லை! இப்போது அந்தப் பத்துத் தாளையும் ட்யூனரின் பத்து எண்களில் சுட்டவை என்று யாரிடமாவது காட்டினால், 8 மில்லிமீட்டர் தாளை எடுத்து "இதுதான் சார் இடம்" என்று சத்தியம் செய்வார். பாதி ட்யூனர் கதைகள் இப்படிப் பிறந்தவைதான் என்பது என் எண்ணம். ட்யூனர் விற்பவர்கள் கோபித்துக்கொள்ளட்டும்.

நான் செய்யும் முறை இது. காற்று எழும் முன், காலை ஆறரைக்கே போய்விடுவேன். ஒரே லாட் (ஒரே தடவையில் தயாரான தொகுதி) தோட்டா. முதல் பத்துப் பன்னிரண்டு குண்டு பேரலில் மெழுகு படியவே போய்விடும், அவற்றைக் கணக்கில் எடுப்பதில்லை. ட்யூனரை எண் பூஜ்யத்தில் வைத்து, பெரிய தாவலாகத் திருகி, ஒவ்வோர் இடத்திலும் ஐந்து குண்டு. குரூப்பின் அகலத்தை அளப்பதே இல்லை. மேலேயிருந்து கீழே எவ்வளவு என்பதை மட்டும் வெர்னியரால் அளந்து தாளிலேயே எழுதிவிடுவேன். சில எண்களில் ஓட்டைகள் எறும்பு வரிசை மாதிரி நெட்டுக்குத்தாக நிற்கும், சில இடங்களில் அந்த வரிசை படுத்துவிடும். இதில் பார்க்க வேண்டியது ஒரேயொரு நல்ல தாளை அல்ல. அடுத்தடுத்த இரண்டு மூன்று எண்களும் சேர்ந்து உயரம் குறைந்திருக்கிறதா என்பதைத்தான். அந்த வட்டாரத்துக்குள் சின்னச் சின்னதாகத் திருகி மறுபடி சுட வேண்டும். கடைசியில் தேறிய ஓர் இடத்தையும் தேறாத ஓர் இடத்தையும் எடுத்து, மாற்றி மாற்றி நாற்பது நாற்பது குண்டு. அதிலும் வித்தியாசம் நின்றால்தான் நம்புவேன். தோட்டா செலவு வயிற்றைக் கலக்கும், தெரியும்.

கேள்வி: சரி, இடம் கிடைத்துவிட்டது. அப்புறம் தொடவே வேண்டாமா?

பூட்டும் ஸ்க்ரூவை மட்டும் தொடுங்கள். ஒருமுறை அதை இறுக்க மறந்துவிட்டேன். முப்பதாவது குண்டிலிருந்து குரூப் மேலும் கீழுமாக நீள ஆரம்பித்தது. லாட் மோசம் என்று முடிவுகட்டி, நல்ல தோட்டா இரண்டு பெட்டியை ஒரு நண்பருக்குத் தூக்கிக் கொடுத்தேன். வீட்டில் துடைக்கும்போதுதான் வளையம் விரல் பட்டதுமே கடகடவென்று சுற்றியது. அந்த நண்பர் அதே தோட்டாவில் அடுத்த வாரம் என்னைவிட நன்றாகச் சுட்டார்.

இன்னொன்று, ட்யூனரைத் திருகுவது என்றால் கை பேரல் வாயருகே போகிறது. போல்ட்டைத் திறந்து, சேம்பரில் (தோட்டா உட்காரும் அறை) அது காலி என்று காட்டும் கொடியைச் செருகிய பிறகுதான் எழுந்து போக வேண்டும். ஒவ்வொரு தடவையும்.

வெயிலுக்கும் குளிருக்கும் ஏற்ப நாள்தோறும் திருகுபவர்கள் இருக்கிறார்கள். நான் திருகுவதில்லை. வெப்பம் மாறினால் குண்டுகளின் சராசரி வேகம் கொஞ்சம் மாறும். அதைச் சைட்டில் (குறிபார்க்கும் கருவி) இரண்டு கிளிக் வைத்துச் சமாளித்துவிடலாம்.

கேள்வி: 50 மீட்டரில் சரிசெய்தது 100 மீட்டருக்கும் பொருந்துமா?

முழுசாகப் பொருந்தாது. அதே 10 மீட்டர் வேக வித்தியாசம் 100 மீட்டரில் சுமார் 3 சென்டிமீட்டருக்கு மேல் போய்விடும். அதை ஈடுகட்ட நுனி ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகமாக ஏற வேண்டும். அந்தத் தூரத்துக்கு எண்ணைத் தனியாகத்தான் தேட வேண்டும்.

கேள்வி: மேட்ச் ரைஃபிள்களில் பேரலுக்கு முன்னால் நீளமாக ஒரு குழாய் இருக்கிறதே, அதுவும் இதுதானா?

அது வேறு வேலைக்கு. முன் சைட்டைத் தள்ளி வைத்து, இரண்டு சைட்டுக்கும் நடுவே உள்ள தூரத்தைக் கூட்டுவதற்கு. ஆனால் அதுவும் நுனியில் எடை ஏற்றுகிறது என்பதால், அதைக் கழற்றி மாட்டினால் குண்டு விழும் இடம் மாறும்.

கேள்வி: பாரீஸில் ஸ்வப்னில் குசாலே 50 மீட்டரில் வெண்கலம் வாங்கியதிலிருந்து என் பையனுக்கு இதே பேச்சு. இப்போது கிளப்பில் படுத்துச் சுடப் பழகுகிறான். ட்யூனர் வாங்கித் தரலாமா?

இப்போதைக்கு வேண்டாம் அண்ணே. தம்பியின் கை இன்னும் 20 மில்லிமீட்டர் ஆடும்போது 5 மில்லிமீட்டரைத் தேடி என்ன பயன்? அந்தப் பணத்தில் நான்கைந்து லாட் தோட்டா வாங்கி, ரைஃபிளைப் பெஞ்சில் வைத்து எது ஒத்துப்போகிறது என்று பாருங்கள். ஒரே கம்பெனியின் ஒரே வகையிலேயே லாட்டுக்கு லாட் வித்தியாசம் தெரியும். பின்னாளில் வாங்கினால், பேரலில் மரை வெட்டத் தேவையில்லாத, கவ்விப் பிடிக்கும் வகையாக வாங்குங்கள். பேரல் நுனியின் விட்டத்தை அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். ஐஎஸ்எஸ்எஃப் (சர்வதேசத் துப்பாக்கி சுடுதல் கூட்டமைப்பு) போட்டிகளில் 50 மீட்டர் ரைஃபிள் 8 கிலோவைத் தாண்டக்கூடாது, ட்யூனர் எடையும் அதில் சேரும். மாட்டியதும் ஒருமுறை தராசில் வைத்துப் பார்த்துவிடுங்கள்.