சொல்லிச் செய்யும் மடக்குக் கத்திக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டுமா?

"ஆன்லைனில் போட்டால் இரண்டே நாளில் நல்ல மடக்குக் கத்தி வருகிறது. ஒரு பட்டறைக்காரரிடம் முன்பணம் கொடுத்துவிட்டு ஏன் காத்துக் கிடக்கிறீர்கள்?" என்பது கேள்வி. என் மனைவியும் இதையேதான் கேட்கிறாள், கொஞ்சம் காரம் தூக்கலாக.

என்னிடம் பதினொரு கத்திகள் இருக்கின்றன. அதில் ஏழு, காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரே ஆசாரி செய்தவை. அரிவாளும் மண்வெட்டியும்தான் அவருக்குச் சோறு போடுகின்றன. மடக்குக் கத்தி எங்களைப் போன்ற ஏழெட்டுப் பைத்தியங்களுக்காக, வேலை ஓய்ந்த நேரத்தில் செய்வது. அறுப்பு நேரத்தில் போய் நின்றால் வசவுதான்.

பழைய லாரியின் ஸ்பிரிங் பட்டைதான் இரும்பு. காய்ச்சுவதை அந்தி சாய்ந்த பிறகே வைத்துக்கொள்வார், அப்போதுதான் சிவப்பு சரியாகத் தெரியும். காந்தம் ஒட்டாத சூடு வந்ததும் எண்ணெயில் தோய்ச்சல். அதோடு விட்டால் கீழே விழுந்ததும் கண்ணாடி மாதிரி உடையும். அதனால் மறுநாள் காலை, தேய்த்துப் பளபளப்பாக்கி, வாசல் வெளிச்சத்தில் மெல்லச் சூடேற்றுவார். வைக்கோல் நிறம் ஓடி வரும்போது எடுத்துவிட வேண்டும். நீலம் வரை விட்டால் கூர் நிற்காது.

ஆனால் மெனக்கெடல் அலகில் இல்லை, பிடியின் முதுகில் இருந்து அலகை அழுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங்கில். விறைப்பாக இருந்தால் திறக்கும்போது நகம் பெயரும், தளர்ந்தால் விரல் மேலேயே மடங்கும். இரண்டு இழுப்பு அரம், பூட்டிப் பார்ப்பது, கழற்றுவது, மறுபடி அரம். மூடும்போது 'டக்' என்று ஒரே சத்தம் வரும் வரை விடமாட்டார்.

எங்கள் ஐயா காலத்து வீட்டின் பின்கட்டை இடித்தபோது கிடைத்த பர்மா தேக்குத் துண்டு ஒன்றைப் பிடிக்குக் கொடுத்தேன். அறுத்தால் நடுவில் ஆணி ஓட்டை.

"ஓட்டை தெரியுதேண்ணே?"

"தெரியட்டும் தம்பி. உங்க வீட்டு ஆணிதானே?"

அதில் ஒரு பித்தளைக் கம்பியை அடைத்து, தேய்த்துக் கொடுத்தார்.

ஒருமுறை நான்தான் கெடுத்தேன். வெளிநாட்டுக் கத்திப் படத்தைக் காட்டி, துருப்பிடிக்காத இரும்பில் வேண்டும் என்று அடம்பிடித்தேன். அந்த இரும்புக்கு ஆயிரம் டிகிரிக்கு மேல் அளந்து சூடு கொடுக்கும் உலை வேண்டும், கரி அடுப்பில் கண் பார்த்துச் செய்யும் வேலையில்லை. வேண்டாம் என்று மூன்று தடவை சொன்னார். என் முகத்துக்காகச் செய்தார். ஒரு மாங்காய் வெட்டியதோடு கூர் மழுங்கியது. திரும்ப வாங்கிக்கொண்டு, அடுத்த கத்தியின் கூலியில் அந்தப் பணத்தைக் கழித்தார். எனக்குத்தான் வெட்கம்.

எங்களில் ஒருவர் புதிதாக வாங்கியதை இரட்டை விலைக்கு விற்றார். ஆசாரி ஒரு வார்த்தை கேட்கவில்லை. விற்றவருடைய அடுத்த ஆர்டர் மட்டும் இன்றுவரை அடுப்பேறவில்லை.

அப்படியானால் கடையில் கிடைக்கும் சுவிஸ் மடக்குக் கத்தி விக்டோரினாக்ஸ் மட்டமா என்றால், இல்லவே இல்லை. 1884-ல் கார்ல் எல்ஸெனர் தொடங்கியதும் ஒரு பட்டறைதான், 1891-ல் சுவிஸ் ராணுவத்துக்குக் கொடுக்கும் அளவுக்கு வளர்ந்தது. வெளியூர் போனால் நானும் அதைத்தான் எடுத்துப்போகிறேன். ஆசாரி கத்தியில் எலுமிச்சை நறுக்கித் துடைக்காமல் வைத்தால் கறுத்துவிடும், தேங்காய் எண்ணெய் தடவ வேண்டும்.

நீங்களும் சொல்லிச் செய்வதாக இருந்தால் இரும்புக்கும் பித்தளைக்கும் ஆகும் பணத்தை மட்டும் முன்னால் கொடுங்கள். முழுப் பணமும் கொடுத்தால் அவருக்கும் பாரம், உங்களுக்கும் தூக்கம் வராது.

எட்டாவதுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். போன வாரம் போன் செய்து, "அண்ணே, எப்ப வரட்டும்?" என்றேன்.

"பொங்கல் கழியட்டும் தம்பி."

எந்தப் பொங்கல் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.